அறிபுனைக்கு வேலி போடும் முன் எழுதப்பட்ட சில புத்தகங்கள்

கேள்வி இதுதான்: "சுஜாதாவில் தொடங்கி அசிமோவ், கிளார்க், டோல்கீன் வரை படித்துவிட்டேன். எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் அதே இருபது பெயர்கள்தான். மறந்துபோன, ஆனால் இன்றைக்கும் தேடிப் படிக்க வேண்டிய பழைய அறிபுனை (சயின்ஸ் ஃபிக்ஷன்), மிகுபுனை (ஃபேன்டசி) புத்தகங்கள் எவை?"

அந்த இருபது பெயர்கள் ஏன் திரும்பத் திரும்ப வருகின்றன என்பதிலிருந்தே தொடங்குகிறேன். 1926 ஏப்ரலில் ஹியூகோ கெர்ன்ஸ்பேக் நியூயார்க்கில் 'அமேசிங் ஸ்டோரீஸ்' இதழைத் தொடங்கினார். விஞ்ஞானக் கதைகளுக்கென்றே ஆங்கிலத்தில் வந்த முதல் மாத இதழ் அது. அதற்குப் பிறகுதான் இந்த எழுத்துக்கு ஒரு பெயரும், வாசகர் சங்கங்களும், விருதும், கடையில் தனி அலமாரியும் வந்தன. நாம் கிளாசிக் என்று சொல்பவற்றில் பெரும்பாலானவை அந்த அலமாரியில் வளர்ந்தவை. அதே காலத்திலும் அதற்கு முன்பும், அப்படி ஒரு வேலி இருப்பதே தெரியாமல் எழுதியவர்கள் சிலர் உண்டு. இலக்கிய விமர்சகர்கள் அவர்களை விசித்திரக் கதை எழுதுகிறவர்கள் என்று ஒதுக்கினார்கள். அறிபுனை ரசிகர்களில் பலருக்கு அவர்கள் பெயரே எட்டவில்லை. இரண்டு வீட்டிலும் இலை போடாத விருந்தாளி மாதிரி ஆகிவிட்டது அவர்கள் கதி.

நான் சிபாரிசு செய்வது அவர்களைத்தான். அவர்களுக்கு முன்னால் தயாராக எந்தச் சரக்கும் இல்லை. ஒளியைவிட வேகமாகப் போகும் கப்பல், லேசர் துப்பாக்கி, கேலக்டிக் பேரரசு என்று கடையிலிருந்து எடுத்து வைத்துக்கொள்ள வழியில்லை. தங்கள் வீட்டிலும் ஊரிலும் கண்ணெதிரே நடந்ததை வைத்தே புது உலகத்தைக் கட்ட வேண்டியிருந்தது. ராக்கெட் கதைகள் ராக்கெட்டோடு சேர்ந்து பழசாகிவிடுகின்றன. இவை அப்படிப் பழசாகவில்லை.

முதல் கதை சென்னையில் அச்சானது. கமலா சத்தியநாதன் ஆசிரியராக இருந்து 1901இல் தொடங்கிய 'தி இந்தியன் லேடீஸ் மேகஸின்' என்ற ஆங்கில இதழில், 1905இல், 'சுல்தானாஸ் ட்ரீம்' வெளியானது. எழுதியவர் ரொக்கேயா சகாவத் உசேன். இன்றைய வங்கதேசத்தின் ரங்பூர்ப் பகுதியில், பாய்ராபந்த் என்ற ஊரில் 1880இல் பிறந்தவர். கடுமையான பர்தா இருந்த ஜமீன் வீடு. பள்ளிக்கூடம் கிடையாது, அண்ணன்தான் இரவில் வீடு அடங்கிய பிறகு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். கணவர் பாகல்பூரில் துணை மாஜிஸ்திரேட். அவர் வேலையாக வெளியூர் போயிருந்தபோது பொழுது போகாமல் எழுதிப் பார்த்த கதை இது. திரும்பி வந்தவர் நின்றபடியே முழுவதையும் படித்துவிட்டு, "பயங்கரமான பழிவாங்கல்!" என்றாராம்.

கதையில் ஒரு பெண் சாய்வு நாற்காலியில் கண்ணயர்கிறாள். சாரா என்கிற தோழி அவளைத் தெருவுக்கு அழைத்துப் போகிறாள். பகல் வெளிச்சம், பூந்தோட்டம் மாதிரி தெரு, கண்ணுக்கெட்டிய வரை ஓர் ஆண் இல்லை. அவர்கள் எல்லோரும் வீட்டுக்குள்ளே, அடுப்படியிலும் பிள்ளை வளர்ப்பிலும் இருக்கிறார்கள். அந்த நாட்டில் பெண்களுக்கு இரண்டு பல்கலைக்கழகங்கள். ஒன்று வானத்திலிருந்து நேராகத் தண்ணீரை இறக்கிக்கொள்ளும் பலூனைக் கண்டுபிடித்திருக்கிறது. இன்னொன்று சூரிய வெப்பத்தைச் சேமித்துவைக்கக் கற்றிருக்கிறது. அப்போது அந்நாட்டு ஆண்கள் படையைப் பெருக்கிக்கொண்டிருந்தவர்கள்; இந்த ஆராய்ச்சியை வெட்டிக் கனவு என்று ஒதுக்கினார்கள். பக்கத்து நாடு படையெடுத்து வந்து, ஆண்கள் தோற்று ஓய்ந்த பிறகு, அந்தச் சேமித்த வெப்பத்தை எதிரியின்மேல் திருப்பித்தான் பெண்கள் நாட்டைக் காப்பாற்றுகிறார்கள். ஆண்கள் அந்தப்புரத்துக்குள் போனவர்கள், வெளியே வரவில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு கணக்கு. வேலை நேரம் இரண்டே மணிதான் என்கிறாள் சாரா. எப்படி முடிகிறது? ஆண்கள் அலுவலகத்தில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு சுருட்டுப் பிடிக்கிறார்கள், ஒன்று எரிந்து முடிய அரை மணி, ஆக ஆறு மணி நேரம் போச்சு என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறாள். ஒரு மாஜிஸ்திரேட் வீட்டுத் திரைக்குப் பின்னாலிருந்து பல வருஷம் பார்த்த கண்ணுக்குத்தான் இந்தக் கணக்கு வரும். இந்தக் கதையைப் பெண்ணியக் கட்டுரைகளில் மேற்கோளாக மட்டுமே பயன்படுத்துகிறார்கள்; அது எனக்கு வருத்தம். கதையாகப் படியுங்கள். அரை மணியில் முடிந்துவிடும். கணவர் இறந்தபின் 1911இல் ரொக்கேயா கல்கத்தாவில் முஸ்லிம் பெண்களுக்காகப் பள்ளிக்கூடம் நடத்தத் தொடங்கி, 1932இல் இறக்கும்வரை அந்த வேலையில்தான் இருந்தார்.

'சுல்தானாஸ் ட்ரீம்' வந்து நாலு வருஷம் கழித்து, 1909இல், இ.எம். ஃபார்ஸ்டர் 'த மெஷின் ஸ்டாப்ஸ்' எழுதினார். 'எ பாசேஜ் டு இந்தியா' எழுதிய அதே ஃபார்ஸ்டர். மனிதர்கள் பூமிக்கடியில், தேன்கூட்டின் அறை மாதிரி ஆளுக்கொரு அறையில் இருக்கிறார்கள். பொத்தானை அழுத்தினால் சாப்பாடு, படுக்கை, இசை. ஆயிரக்கணக்கானவர்களோடு பழக்கம், ஆனால் யாரையும் நேரில் பார்ப்பதில்லை. உலகத்தின் மறுபக்கத்தில் இருக்கும் மகன் கூனோ, வட்டத் தட்டு ஒன்றில் தெரிந்து, அம்மா வாஷ்டியிடம் நேரில் வா என்கிறான். தட்டில் உன்னைப் போல ஒன்று தெரிகிறது, உன்னைப் பார்க்கவில்லை என்று அவன் சொல்லும் இடம் இருக்கிறதே, வெளிநாட்டில் பிள்ளை இருக்கும் எந்த வீட்டிலும் அது புரியும். வேண்டாவெறுப்பாகக் கிளம்பும் வாஷ்டி, ஆகாயக் கப்பலிலிருந்து இமயமலையைப் பார்த்துவிட்டு, இதில் கருத்து ஒன்றும் இல்லை என்று திரையை இழுத்து விட்டுவிடுகிறாள்.

வீடியோ அழைப்பை முன்கூட்டியே சொன்ன கதை என்றுதான் இதைப் புகழ்கிறார்கள். அது சின்ன விஷயம். இயந்திரம் நிற்கத் தொடங்கும் விதத்தைப் பாருங்கள். ஒரே நாளில் நிற்பதில்லை. முதலில் இசையில் ஒரு விம்மல் சத்தம் கலக்கிறது. புகார் செய்கிறார்கள். சரியாகவில்லை. கொஞ்ச நாளில் அந்த விம்மலும் இசையின் பகுதிதான் என்று பழகிவிடுகிறார்கள். குளிக்கும் தண்ணீர் நாறுகிறது, அதுவும் பழகிவிடுகிறது. பழுது பார்க்கும் இயந்திரமே பழுதாகிவிட்டது என்ற செய்தி வரும்போது யாருக்கும் அது உறைப்பதில்லை. எந்தத் தொழில்நுட்பமும் இல்லாமல் குழாயடியிலும் கரண்ட் கட்டிலும் நாம் பார்த்திருக்கும் விஷயம் இது.

அடுத்து செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக். 'ரோபோ' என்ற சொல் 1920இல் வெளியான அவருடைய 'ஆர்.யூ.ஆர்.' நாடகத்திலிருந்து வந்தது என்பது பலருக்குத் தெரியும். அந்தச் சொல்லை எடுத்துக்கொடுத்தவர் அண்ணன் ஜோசப். செக் மொழியில் 'ரோபோட்டா' என்றால் பண்ணையாருக்குச் செய்யும் கட்டாய வேலை, நம் ஊர் வெட்டி ஊழியம் மாதிரி. ஆனால் படிக்க வேண்டியது அந்த நாடகத்தைவிட 1936இல் அவர் எழுதிய 'வார் வித் த நியூட்ஸ்' நாவலை.

சுமத்ரா பக்கம் ஒரு தீவு. வான் டோக் என்ற கிழட்டுக் கப்பல் கேப்டன், கடலோரத்தில் இரண்டு காலில் நிற்கும், பேசக் கற்றுக்கொள்ளக்கூடிய சாலமாண்டர்களைக் கண்டுபிடிக்கிறார். பல்லி மாதிரி இருக்கும் நீர்வாழ் பிராணிகள்; தலைப்பில் வரும் நியூட்கள் இவைதான். அவற்றின்மேல் அவருக்கு உண்மையாகவே பாசம். சுறாவிடமிருந்து தப்பக் கத்தி கொடுக்கிறார், பதிலுக்கு அவை முத்துச் சிப்பி எடுத்துத் தருகின்றன. முதல் இல்லாததால் போண்டி என்ற பிராக் நகரத்துத் தொழிலதிபரிடம் போகிறார். கேப்டன் செத்த பிறகு அந்த வியாபாரம் ஒரு பெரிய சிண்டிகேட், அதாவது கூட்டு நிறுவனம், ஆகிறது. உலகத்துத் துறைமுகங்களுக்கெல்லாம் நியூட்கள் விற்பனை. மேஸ்திரி, கனவேலை, கூட்டுவேலை, எடுபிடி, கழிசல், முட்டை என்று சந்தைச் செய்திபோலத் தரம் பிரித்து விலை போடுகிறார்கள். அந்தப் பட்டியலைப் படிக்கும்போது நமக்குக் கப்பலேற்றிப்போன கூலிகள் ஞாபகம் வராமல் இருக்க முடியாது. கரும்புக்கும் தேயிலைக்கும் ஆள் பிடித்த கதை தெரிந்தவர்களுக்கு சாப்பெக் எதைப் பார்த்து எழுதினார் என்று விளக்க வேண்டியதில்லை.

நாவலின் நடுப்பகுதி முழுக்கப் பத்திரிகைத் துணுக்குகள், அறிக்கைகள், ஆய்வுக் குறிப்புகள். பல பேர் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடுவார்கள். மூடாதீர்கள். அந்தத் துணுக்குகளைச் சேர்த்துவைப்பவர் போவோன்ட்ரா, போண்டி வீட்டு வாயில்காப்போன். அன்றைக்குக் கேப்டனை உள்ளே விடுவதா வேண்டாமா என்று யோசித்து விட்டவர் அவர்தான். நியூட்கள் பெருகி, வாழ இடம் போதாமல், கண்டங்களின் கரையை உடைத்துக் கடலாக்கத் தொடங்குகின்றன. அப்போதும் எல்லா நாடுகளும் அவற்றுக்கு வெடிமருந்து விற்றுக்கொண்டே இருக்கின்றன. நிறுத்தினால் வியாபாரம் பக்கத்து நாட்டுக்குப் போய்விடுமே. பேச்சுவார்த்தையில் நியூட்களுக்காக வாதாடுவதும் மனித வக்கீல்கள்தான். கடைசியில் கிழவர் போவோன்ட்ரா, பிராக் நகரின் நடுவே ஓடும் ஆற்றில் ஒரு கறுப்புத் தலையைப் பார்க்கிறார். கதவைத் திறந்துவிட்டது நான்தானே என்று அவர் குறுகிப்போகும் அந்த அத்தியாயத்தை என்னால் ஒரே மூச்சில் படிக்க முடிந்ததில்லை.

1938 செப்டம்பரில் மூனிக்கில் செக்கோஸ்லோவாகியாவைக் கேட்காமலே அதன் எல்லைப் பகுதியை ஹிட்லருக்குக் கொடுத்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று சாப்பெக் இறந்தார். அடுத்த மார்ச்சில் பிராக்கில் நுழைந்த ஜெர்மானியரின் ரகசியப் போலீஸ், அவர் இறந்தது தெரியாமல் கைது செய்ய வீட்டுக்கு வந்தது. அண்ணன் ஜோசப் 1945இல் பெர்கன்-பெல்சன் முகாமில் மாண்டார்.

ஓலாஃப் ஸ்டேப்பிள்டனைப் பற்றித்தான் அதிகம் சொல்ல ஆசை. முதல் உலகப் போரில் துப்பாக்கி எடுக்க மறுத்து, போரை எதிர்க்கும் கிறிஸ்தவப் பிரிவினரான குவேக்கர்களின் ஆம்புலன்ஸ் படையில் பிரான்சில் வண்டி ஓட்டியவர். பிறகு லிவர்பூலில் தத்துவத்தில் முனைவர் பட்டம். வேலை, தொழிலாளிகளுக்கு மாலை வகுப்பு எடுப்பது. 1930இல் 'லாஸ்ட் அண்ட் ஃபர்ஸ்ட் மென்' வெளியானது. நம்மிலிருந்து தொடங்கி இரு நூறு கோடி ஆண்டுகளில் பதினெட்டு வகை மனித இனங்கள் தோன்றி அழியும் வரலாறு. நெப்டியூனில் வாழும் கடைசி மனிதர்களில் ஒருவன் சொல்வதாக எழுதப்பட்டது. இங்கிலாந்தின் மைன்ஹெட் என்ற சிற்றூர் நூலகத்தில் அதை எடுத்துப் படித்த பையன் ஆர்தர் கிளார்க். தன்னை இந்த அளவுக்கு மாற்றிய புத்தகம் வேறில்லை என்று பிற்பாடு எழுதினார். 1956இல் இலங்கைக்கு வந்து கடைசிவரை அங்கேயே இருந்தவர், திருகோணமலைக் கடலடியில் கிடந்த கோணேசர் கோயில் இடிபாடுகளைப் பற்றிப் புத்தகத்தில் எழுதியவர், அந்தக் கிளார்க்தான். அவருடைய பிரம்மாண்டத்தின் ஊற்று எங்கே என்று தெரிய வேண்டுமானால் ஸ்டேப்பிள்டனுக்குப் போக வேண்டும். 1937இல் வந்த 'ஸ்டார் மேக்கர்' இன்னும் பெரிது. அதில் முந்தைய இரு நூறு கோடி ஆண்டுகள் ஒரு சிறு குறிப்பாக அடங்கிவிடுகின்றன. சூரியனைச் சுற்றிக் கூடு கட்டி அதன் ஆற்றலையெல்லாம் பிடிப்பது என்ற 'டைசன் கோள'க் கருத்துக்கு விதை இதில்தான் கிடைத்தது என்று இயற்பியலாளர் ஃப்ரீமன் டைசனே சொன்னார்.

இவ்வளவு சொன்னாலும், ஸ்டேப்பிள்டனை 'ஸ்டார் மேக்கர்' வழியாகத் தொடங்க வேண்டாம் என்பேன். பாத்திரம் இல்லை, உரையாடல் இல்லை; புராணத்தில் யுகக் கணக்கு வாசிப்பதுபோல இருக்கும். முதலில் 'சிரியஸ்' படியுங்கள். 1944இல் வந்தது. வேல்ஸ் மலைநாட்டில் ஒரு விஞ்ஞானி, மனித அறிவுள்ள ஒரு நாயை உருவாக்குகிறார். தன் மகள் பிளாக்ஸியோடு ஒரே வீட்டில், இன்னொரு பிள்ளையாக வளர்க்கிறார். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' படித்தவர்களுக்கு அதில் வரும் நாய் ஜீனோ நினைவுக்கு வரும். ஆனால் ஜீனோ இயந்திரம், அதற்குப் பசியில்லை. சிரியஸ் ரத்தமும் சதையும் மோப்பமும் உள்ள உயிர். அவனுக்கு மூளை இருக்கிறது, கை இல்லை. பேனா பிடிக்கப் பாதத்தில் மாட்டிக்கொள்ள ஒரு உறை செய்து தருகிறார்கள். அதை வைத்து எழுதக் கற்றுக்கொள்ள அவன் படும் பாட்டை ஸ்டேப்பிள்டன் பக்கம் பக்கமாக விவரிக்கிறார். வாசனையால் உலகத்தை அறிகிறவனுக்கு மனித மொழியில் அதற்குச் சொற்களே இல்லை. ஆட்டு மந்தை மேய்க்கும் பண்ணையில் வேலைக்குப் போகும்போது, எஜமானரின் சொல்லுக்குக் கட்டுப்படும் வெறும் நாயாக நடிக்க வேண்டியிருக்கிறது. போர் வருகிறது. ஊர்க்காரர்களுக்குச் சந்தேகம் வருகிறது. தன்னினம் என்று சொல்ல இன்னொரு உயிர் உலகத்தில் இல்லாதவனின் தனிமையை இவ்வளவு பொறுமையாக எழுதிய நாவலை நான் வேறு படித்ததில்லை. முடிவைச் சொல்லப்போவதில்லை.

'சிரியஸ்' பிடித்தால் 'ஸ்டார் மேக்கர்' படிக்கலாம், அதன்பின் 'லாஸ்ட் அண்ட் ஃபர்ஸ்ட் மென்'. அதன் தொடக்க அத்தியாயங்கள் 1930க்குப் பிந்தைய உலக அரசியலைப் பற்றியவை; ஹிட்லரையே கணிக்கவில்லை, அமெரிக்காவைப் பற்றிச் சொன்னதும் கரடுமுரடு. அவற்றைத் தாண்டி இரண்டாம் மனித இனம் வரும் இடத்திலிருந்து தொடங்கினாலும் ஒன்றும் குறையாது. ஐந்தாம் மனிதர்கள் பூமியை விட்டு வெள்ளிக்குக் குடிபெயர, அங்கே ஏற்கெனவே வாழும் உயிரினத்தை அழிக்க வேண்டியிருக்கிறது. அந்தக் குற்ற உணர்ச்சி அவர்கள் மனத்தை அரிப்பதை எழுதியவர் போர்க்களத்திலிருந்து காயம்பட்டவர்களை ஏற்றிவந்தவர் என்பது அங்கே தெரியும்.

ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' படித்தவர்கள் 'ஸ்வஸ்திகா நைட்' படிக்க வேண்டும். 1937இல், அதாவது ஆர்வெல்லுக்குப் பன்னிரண்டு ஆண்டு முன்னால் வந்தது. முர்ரே கான்ஸ்டன்டைன் என்ற புனைபெயருக்குப் பின்னால் இருந்தவர் கேதரின் பர்டகின் என்ற பெண் என்பது 1980களில்தான் உலகத்துக்குத் தெரிந்தது. அவர் 1963இலேயே இறந்துவிட்டார். ஹிட்லர் ஜெயித்து எழு நூறு ஆண்டுகள் கழிந்த உலகம். ஐரோப்பா ஜெர்மனியிடம், ஆசியா ஜப்பானிடம். ஹிட்லர் இப்போது கடவுள்: பொன்னிறத் தலைமுடி, ஏழடி உயரம், பெண் வயிற்றில் பிறக்காதவர். பெண்கள் மொட்டையடிக்கப்பட்டு, பட்டியில் அடைத்த மாடுபோல, பிள்ளை பெறுவதற்கு மட்டும். பழைய புத்தகங்கள் எல்லாம் எரிக்கப்பட்டுவிட்டன. ஒரே ஒரு புகைப்படம் தப்பியிருக்கிறது. அதில் ஹிட்லர் குள்ளமாக, கறுத்த முடியோடு நிற்கிறார். ஆனால் படத்தைப் பார்க்கும் ஆங்கிலேய மெக்கானிக் ஆல்ஃபிரட் அதிர்ந்துபோவது அதைவிட, பக்கத்தில் நிமிர்ந்து நிற்கும் அழகான இளைஞனைப் பார்த்து. அது இளைஞன் இல்லை, ஒரு பெண் என்று சொல்லும்போது அவன் மனதில் எழு நூறு வருஷம் இடிந்து விழுகிறது. நாவலில் பேச்சு அதிகம், நிகழ்ச்சி குறைவு. நடை ஆர்வெல்லுக்கு ஈடில்லை. இருந்தாலும் பாசிசத்தின் வேரை ஆண் என்ற திமிரில் போய்த் தேடிய பார்வை ஆர்வெல்லிடம் கிடையாது.

மிகுபுனையில் ஒன்றே ஒன்று. ஹோப் மர்லீஸ் 1926இல் எழுதிய 'லட்-இன்-த-மிஸ்ட்'. டோல்கீனின் 'ஹாபிட்' வருவதற்குப் பதினொரு ஆண்டு முன்னால். லட் என்பது வியாபாரிகளின் ஊர். நல்ல சாப்பாடு, நல்ல பாலாடைக்கட்டி, எல்லாவற்றுக்கும் சட்டம். எல்லை மலைக்கு அந்தப் பக்கம் மாய தேசம். அங்கிருந்து வரும் ஆறு ஊருக்குள்ளேயே ஓடுகிறது. அந்த தேசத்துப் பழத்தைத் தின்றவர்களுக்குப் பித்துப் பிடிக்கிறது, கூத்தும் கவிதையும் வருகிறது. ஊர்ப் பெரியவர்கள் அந்தப் பழத்தின் பெயரைச் சொல்வதையே ஆபாசமாக நினைக்கிறார்கள். பெயரைச் சொல்லாமல் எப்படித் தடைச் சட்டம் போடுவது? சட்டத்தின் பார்வையில் அந்தப் பழம் நெய்த பட்டு என்று எழுதிவிடுகிறார்கள். கடத்தியவனைப் பட்டு கடத்தியதற்காகத் தண்டிக்கிறார்கள். பேசக் கூடாததைப் பேசாமலே ஆளப் பார்க்கும் ஊரைப் பற்றி இதைவிடத் துல்லியமாக யாரும் சொன்னதில்லை. மேயர் நத்தானியல் சான்டிகிளியர் பயந்த சுபாவக்காரர், தொப்பைக்காரர். தன் பையன் அந்தப் பழத்தைத் தின்றுவிட்டான் என்று தெரிந்ததும் அவர் கிளம்புகிற பயணம்தான் கதை. கொஞ்ச தூரம் போனதும் பழைய கொலை ஒன்று உள்ளே வந்து துப்பறியும் கதையாகவே ஆகிவிடுகிறது.

மர்லீஸின் 'பாரிஸ்' என்ற நீள்கவிதையை 1920இல் அச்சிட்டது வர்ஜீனியா உல்ஃபும் கணவர் லெனார்டும் நடத்திய ஹோகார்த் அச்சகம். உயிர்த்தோழி ஜேன் ஹாரிசன் 1928இல் இறந்த பின் மர்லீஸ் வேறு நாவலே எழுதவில்லை. 1970இல் ஓர் அமெரிக்கப் பதிப்பகம் இதை மறுபதிப்புச் செய்தபோது ஆசிரியர் இருக்கிறாரா இல்லையா என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. அவர் 1978 வரை உயிரோடு இருந்தார்.

எதை எங்கே படிப்பது? ரொக்கேயாவும் ஃபார்ஸ்டரும் இணையத்தில் கிடைக்கிறார்கள், இரண்டும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடியும். சாப்பெக்குக்கு இவால்ட் ஓசர்ஸின் ஆங்கில மொழிபெயர்ப்பு எனக்கு வாசிக்கச் சுகமாக இருந்தது.

தமிழில் எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. இந்தியச் சட்டப்படி எழுதியவர் இறந்து 60 ஆண்டு ஆனால் படைப்பு பொதுவுடைமை. ரொக்கேயா 1932, சாப்பெக் 1938, ஸ்டேப்பிள்டன் 1950, பர்டகின் 1963. நால்வரையும் யாரிடமும் அனுமதி கேட்காமல் தமிழாக்கலாம். சாப்பெக்கை மட்டும் செக் மூலத்திலிருந்து செய்ய வேண்டும், அல்லது உரிமை முடிந்த ஆங்கில மொழிபெயர்ப்பாகப் பார்த்து எடுக்க வேண்டும். மொழிபெயர்க்கும் கை உள்ளவர் யாராவது இதைப் படித்தால், 'சிரியஸ்' முதல் அத்தியாயத்தையாவது ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மோப்பத்துக்கு ஆங்கிலத்தில் சொல் போதவில்லை என்று சிரியஸ் தவிக்கும் இடத்தில், நாற்றம், மணம், வாடை, வீச்சம், நெடி, மொச்சை, கவிச்சி என்று நம்மிடம் எத்தனை இருக்கின்றன.